தேத்தண்ணீரை விட்ட தவக்காலம்

தவக்காலத்தில் இறைச்சியை விடு, வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இரு என்று கோயிலில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மாதத்தில் ஒரு தரம், அதுவும் சம்பளம் கைக்கு வந்த கிழமையில் கோழி வாங்குகிற வீடு என்னுடையது. நான் போய் ஆண்டவரிடம் இறைச்சியை விட்டுவிட்டேன் என்று சொன்னால், அடியே, நீ எப்போது தின்றாய், இப்போது விடுவதற்கு என்று அவர் திருப்பிக் கேட்கமாட்டாரா?

என் நாத்தனார் வீட்டில் கதை வேறு. நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. கண்டி டவுனில் மாடி வீடு, கடை, பங்குக் கோயிலில் பெண்கள் சபைத் தலைவி என்ற பதவி எல்லாம் அவருக்கு உண்டு. அந்த வீட்டில் சாம்பல் புதனோடு ஆட்டிறைச்சி நின்றுவிடும். நின்ற இடத்தில் இறால் வரும், கணவாய் வரும், பெரிய மீன் துண்டம் துண்டமாகப் பொரியும். அதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். சாப்பிட்டு எழுந்து ஏப்பம் விட்டுக்கொண்டே, "ஆண்டவருக்காக இதுகூட செய்யாட்டி எப்பிடி?" என்பார். நானும் அங்கே உட்கார்ந்து இறால் தின்றிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ருசியாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் சாம்பல் புதனன்று காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். நெற்றியில் சாம்பலோடு பெண்கள் ஒவ்வொருவராக எதை விடப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி டீவி நாடகத்தை விட்டாள். இன்னொருத்தி ராத்திரியில் ஃபோன் பார்ப்பதை விட்டாள். நாத்தனார் வழக்கம் போல இறைச்சியை விட்டார். என் முறை வந்ததும் தேத்தண்ணீரை விடுகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "தேத்தண்ணி என்ன சாராயமா, விடுறதுக்கு?" என்று கேட்டார்.

மாடி வீட்டில் இருப்பவர்களுக்குத் தேத்தண்ணீர் என்றால் ஒரு பானம். எனக்கு அப்படி இல்லை. நான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். பால் மறந்த நாளிலிருந்து எங்களுக்குப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தது பால் விடாத பிளேன்டீதான். விடியுமுன் வெறும் வயிற்றில் தேத்தண்ணீர், மதியம் ரொட்டிக்குத் தேத்தண்ணீர், பசித்தால் தேத்தண்ணீர், தலையிடித்தால் தேத்தண்ணீர், செத்த வீட்டுக்குப் போனால் தேத்தண்ணீர். என் உடம்பில் ஓடுவதில் பாதி இரத்தம், பாதி தேயிலைச் சாயம். அதை விடுவது எனக்குத் தோலை உரிக்கிற மாதிரி. அதனால்தான் அதை விட்டேன்.

காரணமும் இருந்தது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு மிஞ்சியது ஒரே மகன். டவுனில் ஃபோன் திருத்துகிற கடையில் வேலை. கொஞ்ச நாளாக அவன் முகம் சரியில்லை. சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு எங்கோ பார்ப்பான். ஏதோ பெண் விஷயம் என்று தெரிந்துவிட்டது, ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. மகனுக்கு நல்ல காரியம் கூடி வரவேண்டும், உயிர்த்த ஞாயிறு வரைக்கும் என் வாயில் தேத்தண்ணீர் படாது என்று பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டு நேர்ந்துகொண்டேன்.

முதல் வாரம் பட்ட பாட்டை ஆண்டவர்தான் அறிவார். பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கிற பகுதியில் எனக்கு வேலை. தலை இரண்டாகப் பிளக்கிற வலி. பிசிறு நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணீர் நேரத்து மணி அடித்ததும் எல்லோரும் கோப்பையோடு வரிசையில் நிற்பார்கள், நான் போத்தல் தண்ணீரோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். சிங்கள சூப்பர்வைசர் மிஸ், உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டு மாத்திரை ஒன்றைத் தந்தார். நெற்றிச் சாம்பலைப் பார்த்து அது எந்தக் கோயில் திருநீறு என்று முதல் நாளே கேட்ட பக்கத்து மேசைப் பிள்ளை, "இதென்னக்கா, ஒங்க சாமி இவ்வளவு கண்டிப்பா?" என்று நக்கலடித்தாள்.

எனக்குத் துணை கிடைத்தது அலவத்துகொடயிலிருந்து வருகிற முஸ்லிம் கூட்டாளி ஒருத்திதான். அந்த வருடம் அவர்களுடைய நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்துவிட்டன. இருவரும் ஒரே வாங்கில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "எங்களுக்குப் பொழுதுபட்டு மஃரிப் ஆனா நோம்பு தொறக்கலாம். ஒங்களுக்கு அதுவும் இல்லையா?" என்று என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமையில் குடித்தால் குற்றமில்லை, அது தவக்காலக் கணக்கில் சேராது என்று எங்கள் கோயிலிலேயே சிலர் சொன்னார்கள். எனக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்றேன். விட்டால் விட்டதுதான். ஆண்டவரோடு பேரம் பேசுவதற்கு நான் மார்க்கெட்டுக்கா வந்திருக்கிறேன்?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். காலையில் எழுந்ததும் தேத்தண்ணீரோடு குந்துகிற நேரம் சும்மா கிடந்தது. கையில் கோப்பை இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படியில் முட்டி போட்டேன். அதுவரைக்கும் என் ஜெபமெல்லாம் கிளிப்பிள்ளை ஜெபம். வாய் சொல்லும், மனது சட்டைக் கொலரைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலைவலியோடு ஜெபிக்கும்போது அப்படி ஏமாற்ற முடியவில்லை. என் புருஷனை ஏன் அத்தனை அவசரமாகக் கூப்பிட்டீர், என் பிள்ளையை ஏன் வாட்டுகிறீர் என்று சண்டை பிடித்தேன். சத்தம் போட்டே கேட்டேன். பதில் வரவில்லை, ஆனாலும் கேட்டு முடித்ததும் நெஞ்சு இலேசாக இருக்கும். இத்தனை வருடம் கோயிலுக்குப் போய்ப் பழகாத ஆளிடம் அந்த அடுப்படியில்தான் பழகினேன்.

ஒரு நாள் காலையில் அப்படி நான் சண்டை பிடித்துக்கொண்டிருப்பதைக் கேட்டு மகன் எழுந்து வந்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்தான். அப்போதுதான் வாயைத் திறந்தான். அவனுடைய கடைக்கு எதிரே இருக்கிற மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண். கலஹாப் பக்கம். நம்ம வேதம்தான். நல்ல பிள்ளை. பெண்ணின் அப்பாவுக்கு விஷயம் தெரியும். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் தன் வீட்டுப் படியேறி வந்து பேச வேண்டும், வராவிட்டால் தன் மகளை மறந்துவிட வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு சம்பந்தம் பேசி, இழுத்தடித்து, கடைசியில் கைவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னொரு தடவை அந்த அவமானத்தைத் தாங்க முடியாது என்றிருக்கிறார்.

இதில் என்ன கஷ்டம், போய்ப் பேசினால் போச்சு என்றேன். மகன் தலையைக் குனிந்துகொண்டு, பெண் வீட்டார் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று சொன்னான். சொன்னதும் எனக்கு யாரென்று விளங்கிவிட்டது.

அந்தப் பெண்ணுடைய அப்பாவின் அம்மா, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்துச் சாக்கடைக் கான்களையும் கக்கூசுகளையும் கூட்டினவர். விளக்குமாற்றோடு வருவார். ஒருநாளும் எங்கள் வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் கால் வைத்ததில்லை. தேத்தண்ணீர் கேட்டால் தன்னுடைய தகரப் பேணியை நீட்டுவார், பேணியில் கேத்தல் படாமல் உயரத் தூக்கி ஊற்றுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஊற்றினார்கள். என் அம்மா நல்ல மனுஷி, பசித்து வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. ஆனால் உயரத் தூக்கித்தான் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் அந்த அம்மா கடைசி வரிசையில் நிற்பார். சாமியார் எங்களுக்கு நன்மை தந்த அதே கையால், அதே பாத்திரத்திலிருந்து அவருக்கும் நன்மை தருவார். நாங்கள் ஒரே அப்பத்தை நாக்கில் வாங்குவோம். வெளியே வந்ததும் அவர் பேணி வேறு, எங்கள் கோப்பை வேறு.

மகனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: போவோம்.

செய்தி எப்படியோ நாத்தனார் காதுக்கு எட்டிவிட்டது. அன்றைக்கே வந்து இறங்கினார். முதலில், தவக்காலத்தில் நல்ல காரியம் பேசக் கூடாது என்றார். கோயிலில் தவக்காலத்தில் கல்யாணம் கட்டத்தான் மாட்டார்கள், வாய் திறந்து பேசுவதற்குத் தடையில்லை என்றேன். பிறகுதான் உண்மையான விஷயத்துக்கு வந்தார். "பொண்ணோட அப்பன் யாருன்னு தெரியுமில்ல? அவன் ஆத்தா ஒங்க லயத்துல கான் கூட்டுனவ." தெரியும் மதினி, அவர் கூட்டியதால்தான் நாங்கள் நாறாமல் இருந்தோம் என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. தம்பி உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று ஒரு பாட்டம் அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பி இல்லாத குறைக்கு அப்பன் வீட்டு ஆளாகத் தானும் வருவதாகச் சொன்னார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையின் அத்தை வராமல் சம்பந்தம் பேசப் போனால், அதையே ஒரு குறையாகப் பெண் வீட்டார் நினைக்கக்கூடும். அந்த மனுஷன் பெரியவர்கள் படியேறி வரவேண்டும் என்றுதானே கேட்டிருக்கிறார். சரி, வரட்டும் என்று விட்டேன்.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் கிளம்பினோம். பேராதனையில் இறங்கி கலஹா பஸ்ஸில் ஏறினோம். மகன் முன்னால் நின்றுகொண்டு வந்தான். நாத்தனார் என் பக்கத்தில், பெரிய திருநாளுக்குக் கட்டுகிற சேலை, கையில் செபமாலை. பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டு போகும்போது என் காதோடு குனிந்தார். "நான் சொல்றதக் கேளு. பேச்சு என்ன வேணா பேசலாம். ஆனா அங்க ஒண்ணும் வாய்ல வைக்கக் கூடாது. நாளைக்கு சொந்தக்காரங்க மொகத்துல முழிக்கணும். தவக்காலம்னு சொல்லிட்டா அவங்களும் தப்பா எடுக்கமாட்டாங்க. ஒனக்குத்தான் நேர்த்தியே இருக்கே, நல்லதாப் போச்சு."

நல்லதாப் போச்சாம். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. தலைவலியில் துடித்து, மணியடிக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்து, ஆண்டவரோடு அடுப்படியில் மல்லுக்கட்டி நான் காத்த தவம் இந்த அம்மாவுக்குக் கையைத் துடைக்கிற துணியாகப் போய்விட்டதா? ஆனால் எனக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. நேர்ந்துகொண்டது மகனுக்காக. அதை உடைத்தால் அது மகன் தலையில் விடியுமோ என்ற பயமும் இருந்தது. அந்த வீட்டில் நேர்த்தியைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன்.

பெண்ணின் அப்பா வீடு கட்டுகிற மேசன் பாஸ். பழைய லயத்து வீட்டை அவரே கையால் உடைத்து, ஓர் அறை கூட்டி, முன்புறம் சீமெந்து பூசி அழகாக வைத்திருந்தார். அன்றைக்கென்று சுவருக்கு வெள்ளை அடித்த வாசம் இன்னும் போகவில்லை. எங்களைக் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். உட்காருங்க என்று நான் இரண்டு தடவை சொல்லியும், இருக்கட்டும், இருக்கட்டும் என்று சுவரோரமாகவே நின்றார். பெண் உள் கதவடியில் நின்றாள். மெலிந்த, நேராகப் பார்க்கிற பிள்ளை. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

ஊர்க்கதை கொஞ்சம் பேசினோம். பிறகு பெண்ணின் அம்மா தட்டோடு வந்தார். பணிஸ் ரொட்டி வெட்டி வைத்திருந்தார், வாழைப்பழம் வைத்திருந்தார். பால் தேத்தண்ணீர், ஆவி பறக்க. கோப்பைகளைப் பார்த்தேன். பூப்போட்ட புதுக் கோப்பைகள். ஒன்றின் சோசரில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. எங்களுக்காகவே வாங்கியிருக்கிறார்கள். தங்கள் வாய்பட்ட கோப்பையை எங்களுக்குத் தரக் கூடாதென்று அவர்களாகவே நினைத்து, கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் கூட வந்தது.

தட்டு எங்கள் முன்னால் வந்ததும் நாத்தனார் செபமாலை இருந்த கையைத் தூக்கிக் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டார். குரலில் தேன் ஒழுகியது. "எதுக்கும்மா இதெல்லாம்? தவக்காலமில்லையா, நாங்க வெளிய ஒண்ணும் வாய்ல வைக்கிறதில்ல. இவளும் தேத்தண்ணியவே விட்டிருக்கா. கோயில்ல எல்லாருக்கும் தெரியும்."

பெண்ணின் அம்மா தட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். பெண்ணின் அப்பா சுவரோரத்திலிருந்து எங்களைப் பார்த்தார். அவருக்குக் கோபம் இல்லை. எதிர்பார்த்த பஸ் வந்து நின்றதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"மொதல்ல வந்தவங்க சீனி வருத்தம், இனிப்பு ஆகாதுன்னு சொன்னாங்க" என்றார். "அடுத்து வந்தவங்க கேஸ்ட்ரிக்னாங்க. இந்தத் தடவ தவக்காலம். பரவாயில்ல." பிறகு மனைவியைப் பார்த்து, "உள்ள கொண்டுபோயிரு" என்றார்.

மகன் என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. என் நேர்த்தி உண்மை என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்காகத்தான் என்பதும் தெரியும். பெண்ணும் என்னைத்தான் பார்த்தாள். நீங்களுமா என்று அந்தப் பார்வை கேட்டது. என் நேர்த்தி சத்தியமாக உண்மை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? சீனி வருத்தம் என்றவர்களும் சத்தியம்தானே செய்திருப்பார்கள். அந்தத் தட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனால் இந்தச் சம்பந்தமும் அதோடு போய்விடும். சம்பந்தம் போவதுகூடப் பெரிதில்லை. என் ஆண்டவருடைய பெயரைச் சொல்லி அந்தக் குடும்பத்தின் முகத்தில் இன்னொரு தடவை கதவை அடித்ததாகும்.

பயந்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டவரே, கணக்குத் தீர்ப்பதென்றால் என்னிடம் தீரும், என் பிள்ளையைத் தொடாதேயும் என்று மனதுக்குள் சொன்னேன். கெஞ்சவில்லை, கண்டிப்பாகவே சொன்னேன். காலையில் சண்டை பிடித்துப் பழகிய ஆளில்லையா.

"தங்கச்சி, அத இங்க கொண்டாங்க" என்றேன்.

ஸ்டிக்கர் ஒட்டியிருந்த கோப்பையை எடுத்தேன். நாத்தனார் என் முழங்கையைப் பிடித்தார். விடுங்க மதினி, கொட்டிரும் என்றேன். குடித்தேன். அத்தனை கிழமைக்குப் பிறகு முதல் மிடறு தொண்டையில் இறங்கியபோது கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. சீனி அதிகம், பால்மா அதிகம், அவ்வளவு ருசி. நடுவில் வைக்காமல் அடிவரை குடித்தேன். பிறகு நாத்தனாருக்கு வைத்திருந்த கோப்பையையும் எடுத்தேன். மதினிக்கு வேணாமாம், வீணாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அதையும் குடித்தேன். ஒரு துண்டு பணிஸும் தின்றேன்.

கோப்பையை வைத்துவிட்டுப் பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கு நேர்த்தி இருந்தது உண்மதாங்கண்ணே. என் மகனுக்காக நேர்ந்துகிட்டேன். ஆனா ஒங்க வீட்டுத் தட்ட திருப்பி அனுப்பிட்டு நான் எந்தக் கோயில்ல போயி முட்டி போடுறது? இன்னொண்ணும் சொல்றேன். அடுத்த தடவ நாங்க வர்றப்ப புதுக் கோப்ப வாங்காதீங்க. நீங்க குடிக்கிறதுலயே தாங்க."

அவர் ஒரு கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

நாத்தனார் எழுந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டார். நாங்கள் ஆற அமரப் பேசினோம். உயிர்ப்புக்குப் பிறகு கல்யாண அறிவிப்பை வாசிக்கச் சொல்லிக் கோயிலில் கொடுப்பது என்று முடிவாயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் நாத்தனார் பேராதனை வரைக்கும் செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். இறங்குகிற இடத்தில்தான் சொன்னார். "நேர்ந்துகிட்டத ஒடச்சிட்ட. ஆண்டவரு சும்மா விடமாட்டாரு. புள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்கிட்ட வராத." நானும் விடவில்லை. ஆண்டவர் என்னிடம் தேத்தண்ணீர்க் கணக்குக் கேட்கிற நாளில் உங்களிடம் என்ன கணக்குக் கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வாய் அப்படிப் பேசிவிட்டது, மனது கேட்டால்தானே. அடுத்த சில நாட்கள் மகன் ஃபோன் எடுக்கவில்லை என்றால் அவன் கடைக்கே கூப்பிட்டுக் கேட்பேன். மழையில் நனைந்து வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவன் தும்மினாலும் எனக்கு நாத்தனார் முகம்தான் நினைவுக்கு வரும். நாசமாய்ப் போன வாய் என்று அவரைத் திட்டிக்கொண்டே ஜெபித்தேன். மறுநாளிலிருந்து தேத்தண்ணீரை மறுபடியும் விட்டுவிட்டேன். அது உடைந்த நேர்த்தி, இனி எதற்கு என்று கூட்டாளி கேட்டாள். உடைந்த கையைக்கூடக் கட்டுப் போட்டு வைத்துக்கொள்கிறோமில்லையா என்றேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் ஒவ்வொரு நிலையையும் ஒரு பெண் வாசிப்பது எங்கள் வழக்கம். என் நிலையை நாத்தனார் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். நேர்த்தியை உடைத்தவள் வாசிக்கக் கூடாதாம். நான் சண்டைக்குப் போகவில்லை. நடு வாங்கில் முட்டி போட்டு, ஒவ்வொரு நிலைக்கும் பதில் ஜெபத்தைக் கோயில் அதிரச் சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

குருத்து ஞாயிறுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நேர்த்தியை உடைத்தேன், ஆனால் அதைப் பாவம் என்று சொல்ல வரவில்லை, சொல்லாமல் மறைத்தேன் என்று இருக்கக் கூடாதென்று வந்தேன் என்றேன். ஃபாதர் நடந்ததையெல்லாம் கேட்டார். பிறகு, "தேத்தண்ணி நல்லா இருந்திச்சா?" என்று கேட்டார். சீனிதான் கொஞ்சம் கூட என்றேன். நாத்தனாரை மன்னிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அது தேத்தண்ணீரை விடுவதைவிடக் கஷ்டமான ஒறுத்தலாக இருந்தது. ஆனாலும் செய்தேன். மனதார மன்னித்தேன். மன்னிப்பது வேறு, நடந்ததை நடக்காத மாதிரி விழுங்குவது வேறு.

உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்ததும் குடும்பம் முழுக்க நாத்தனார் வீட்டில் கூடுவது எங்கள் வழக்கம். நானும் மகனும் போனோம். போகாமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்றாகிவிடும். மேசை நிறையக் கேக், முட்டை, ஆட்டிறைச்சி ரோல். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். நாத்தனார் அன்றைக்கு நல்ல மனதோடுதான் இருந்தார். தன் கையால் எனக்கென்று தனியாகத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். எனக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. வாசம் மூக்கில் ஏறியது. நாக்கு ஊறியது.

"குடி. அதான் தவக்காலம் முடிஞ்சிருச்சே" என்றார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, அவர் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

"ஒங்களுக்கு முடிஞ்சிருச்சி மதினி" என்றேன். "நீங்க எங்க சம்பந்தி வீட்டுல ஒரு கோப்ப தேத்தண்ணி குடிக்கிற வரைக்கும் இந்த வீட்டுல எனக்குத் தவக்காலம் முடியாது."

நான் ஒரு துண்டு கேக்கை எடுத்துத் தின்றேன். கேக்கை நான் விடவில்லையே.

கல்யாணம் முடிந்து, மருமகள் வீட்டுக்கு வந்து, இப்போது பேரப்பிள்ளை தவழ்கிறது. நாத்தனார் வீட்டுக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போகிறேன், சமைத்துக் கொடுக்கிறேன், பாத்திரம்கூடக் கழுவுகிறேன். சம்பந்தி வீட்டுக் கோப்பையை அவர் இன்னும் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் தேத்தண்ணீர் ஊற்றி என் முன்னால் வைக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போய்ச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து குடிக்கிறேன்.